கை தூக்காத சூனியக்காரி

பேய் மாளிகையில் பெல்ட் மாட்டிவிடுவதுதான் அவளுடைய வேலை. அதனால் பார்க் முழுவதும் அவளுக்குப் பெல்ட்டக்கா என்றே பெயர். முதலாளி கூப்பிட்டாலும் பெல்ட்டக்கா, ஐஸ் விற்கிறவன் கூப்பிட்டாலும் பெல்ட்டக்கா. தொந்தி பெருத்தவர்கள் வந்தால், "மூச்சை உள்ள இழுங்கண்ணே, வயித்தை வெளிய வந்து விட்டுக்கலாம்" என்பாள். போட்டோ எடுக்கக் கையை நீட்டுகிற பெண்களிடம், "கை வேணுமா, ஃபோன் வேணுமா? ரெண்டும் வேணும்னா உள்ள வை தங்கச்சி" என்பாள். பெல்ட்டை இழுத்து மாட்டி மேலே ஒரு தட்டுத் தட்டுவாள். 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி நகரும்.

வண்டியில் நாலு பேர் உட்காரலாம். அது தண்டவாளத்தில் உருண்டு இருட்டுக்குள் போகும். ஆளுக்கொரு துப்பாக்கி உண்டு. அதில் குண்டு கிடையாது, வெறும் ஒளிதான். வழி நெடுக எலும்புக்கூடு, வௌவால், தலையில்லாத சமையல்காரன் என்று பொம்மைகள் நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. அதைக் குறிபார்த்துச் சுட்டால் பொம்மை ஆடும், அலறும், வண்டியின் முகப்பில் மார்க் ஏறும். கடைசி அறையில் சூனியக்காரி நிற்பாள். மற்ற பொம்மைகளுக்குப் பத்து மார்க் என்றால் இவளுக்கு ஐந்நூறு. நெற்றியில் சுட வேண்டும். சுட்டதும் ஓலமிட்டுக்கொண்டே வலது கையை உயரத் தூக்குவாள். சுட்டவர்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் பெல்ட்டக்கா பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூனியக்காரியின் முகம் அவளுடைய முகம்.

பெல்ட்டக்காவுக்குக் கோபமே வராது என்று பார்க்கில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். ஒரு தடவை வந்த கோபம் போகவே இல்லை, அதனால் புதிதாக ஒன்று வந்து உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான்.

பார்க் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் தையல்காரி. பொம்மைகளுக்குச் சட்டை, அங்கி, கிழிந்த திரைச்சீலை எல்லாம் அவள் தைத்தவை. பொம்மைப் பட்டறைக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கையில் வித்தை இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் வித்தை இருக்கிற இடத்தில் நல்ல குணமும் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

ஒரு நாள் மதியம் மாஸ்டர் அவளிடம், "உன் முகத்துல மூக்கும் முழியும் அளந்து வச்ச மாதிரி இருக்கு. மகாராணி பொம்மைக்கு உன் முகத்தை அச்சு எடுக்கட்டுமா?" என்று கேட்டார். மகாராணி! எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள்? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூக்கில் மூச்சுக்கு இரண்டு ஸ்ட்ரா வைத்தார். கண்ணையும் வாயையும் மூடச் சொல்லி முகம் முழுவதும் பிளாஸ்டர் மாவைக் குழைத்துப் பூசினார். பட்டறையில் அப்போது வேறு யாரும் இல்லை.

மாவு இறுக ஆரம்பித்ததும் மாஸ்டர் குனிந்து அவள் காதருகே பேசினார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? இப்ப உன்னால பேச முடியாது, தெரியும். சம்மதம்னா கையைத் தூக்கு."

அவள் தூக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டரை அவளுக்குப் பிடிக்காது என்றில்லை, அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. ஆனால் வாயை அடைத்துவிட்டுப் பதில் கேட்கிற மனிதன் நாளைக்கு வீட்டில் எதை எதை அடைப்பான் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று.

"அவசரமில்ல, யோசி. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று மாஸ்டர் போய்விட்டார்.

மாவு சூடேறியது. கல்லாக இறுகியது. தானே பிய்த்தால் தோலோடு வந்துவிடுமோ என்று பயம். இருட்டு, சூடு, இரண்டு ஸ்ட்ரா வழியாக வருகிற கொஞ்சம் மூச்சு. இவ்வளவுதான் அப்போது அவளுடைய உலகம். மாஸ்டர் சாவகாசமாக வந்தார். "இப்பவாவது தூக்கறியா?" என்றார். அவள் கை அசையவில்லை. அச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். இடது புருவத்தில் பாதி அதோடு போயிற்று. எண்ணெய் தடவ மறந்துவிட்டதாகச் சொன்னார். போன முடி திரும்ப முளைக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தப் புருவத்தின் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம் இருக்கிறது.

அடுத்த வாரமே, தையல் சரியில்லை என்று அவளைப் பட்டறையிலிருந்து எடுத்துப் பெல்ட் மாட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். மாளிகை திறந்த நாளில் ஊழியர்கள் எல்லோரையும் ஒரு சுற்று அழைத்துப் போனார்கள். மகாராணி அறை வந்தது. சிம்மாசனத்தில் மேனேஜரின் மனைவி முகத்தோடு மகாராணி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டருக்கு அந்த வருஷமே பதவி உயர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசி அறையில் வண்டி திரும்பியபோது பெல்ட்டக்கா தன்னையே பார்த்தாள். கழுகு மூக்கு ஒன்றை ஒட்டி, முகவாயில் மரு வைத்து, இரண்டு பல்லை வெளியே நீட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் கன்னம் அவளுடையது, கண் அவளுடையது. இடது புருவத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு மை தீட்டியிருந்தது. அச்சு எடுத்தபோது அவள் புருவம் முழுசாக இருந்தது. இழுத்த பிறகுதான் போயிற்று. ஆக, அந்த இடைவெளி மாஸ்டர் உட்கார்ந்து நினைவாகத் தீட்டியது.

பக்கத்தில் இருந்தவன் சுட்டான். சூனியக்காரி வலது கையை உயரத் தூக்கினாள்.

அன்றைக்கு அவள் தூக்காத கையை, வருகிறவன் போகிறவன் எல்லாம் சுடச்சுட, நாள் முழுவதும் தூக்க வைத்துவிட்டார் மாஸ்டர். யாரிடம் போய் என்ன சொல்வாள்? பொம்மை கையைத் தூக்குகிறது என்று புகார் கொடுக்க முடியுமா? அந்தக் கைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். கழுகு மூக்கு இருந்ததால் முகத்தையும் ஒருவரும் அடையாளம் காணவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பட்டறையைக் கொளுத்தியிருப்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நினைவுக்கு வந்தது. வேலையை விடவும் இல்லை. 'நான் போயிட்டா என் மூஞ்சி இங்க அநாதையா நிக்கும். அவன் ஜெயிச்சதா ஆயிடும்' என்று வீம்பாக நின்றாள். தினமும் காலையில் மாளிகை திறக்குமுன் ஈரத்துணியோடு உள்ளே போய் அந்த ஒரு பொம்மையின் முகத்தை மட்டும் துடைத்துவிட்டு வருவாள்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனாலும் கீழே வந்தாலும் அவருக்கு ஒரே முகம்தான். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "விட்டுத் தள்ளும்மா, பொம்மைதானே" என்றார். மகள் பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதானபோது, பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் பார்க்குக்கு அழைத்து வந்தார்கள். பெல்ட்டக்காவே பெருமையாக மகளுக்குப் பெல்ட் மாட்டி அனுப்பினாள். கழுகு மூக்கு இருக்கிறதே, என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற தைரியம். பெற்ற பிள்ளையின் கண்ணை மூக்கு ஏமாற்றுமா?

வண்டி வெளியே வந்தபோது மகள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, உள்ள உன்னை எல்லாரும் சுடறாங்கம்மா. நீ கையைத் தூக்கித் தூக்கிக் கெஞ்சற. ஆனாலும் விடாம சுடறாங்க."

அன்று மாலையே பெல்ட்டக்கா மாஸ்டரின் அறைக்குப் போனாள். அவர் அதற்குள் குளிர்சாதன அறையும் சுழல் நாற்காலியும் உள்ள மாஸ்டர் ஆகியிருந்தார்.

"அந்தப் பொம்மை முகத்தை மாத்துங்க மாஸ்டர். என் பொண்ணு பார்த்துட்டா."

"எந்த முகம்?"

"என் முகம்."

"உனக்கு அப்படி ஒரு நினைப்பா?" மாஸ்டர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சூனியக்காரியைப் பார்த்தா உனக்கு உன் ஞாபகம் வருதுன்னா நான் என்ன பண்ண முடியும்? கண்ணாடி பாக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு. அவள் வெளியே வந்தாள். மகள் அதற்குப் பிறகு பார்க் பக்கமே வரவில்லை. அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று தோழிகளிடம் சொல்வதும் இல்லை. பெல்ட்டக்கா அன்றைக்கு மனசில் ஒன்று முடிந்துகொண்டாள். இந்த ஆள் ஒரு நாள் நாலு பேர் முன்னால், அது என் முகம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அது நடக்காமல் தான் சாகக்கூடாது.

ஏழு வருஷம் போயிற்று. பேய் மாளிகையை வைத்து ஒரு வீடியோ கேம் வரப்போகிறது என்று முதலாளி கூட்டம் போட்டுச் சொன்னார். வீட்டு டிவி முன்னால் நின்றுகொண்டு, கையில் ஒரு குட்டைத் தடியைப் பிடித்து அசைத்தால் போதுமாம். கை எங்கே போகிறதோ அங்கே திரையில் ஒரு வட்டம் போகும். விரலை அழுத்தினால் சுடும். மாளிகையின் அறைகள், பொம்மைகள் எல்லாம் அச்சு அசலாக உள்ளே இருக்குமாம். எல்லோரும் கைதட்டினார்கள். பெல்ட்டக்கா மட்டும் தட்டவில்லை. இதுவரை டிக்கெட் வாங்கி வந்தவன்தான் அவள் முகத்தில் சுட்டான். இனி வீட்டுக்கு வீடு சோபாவில் உட்கார்ந்துகொண்டு சுடுவான்.

வீட்டில் சொன்னபோது மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் வாங்குவாங்கம்மா. என்னையும் விளையாடக் கூப்பிடுவாங்க. நான் என்ன சொல்லட்டும்? எங்கம்மாவை நான் சுட மாட்டேன்னா?"



கேம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பொம்மைகளைச் சுற்றிச் சுற்றிக் கேமரா வைத்துப் படம் பிடித்தாள். சூனியக்காரியிடம் வந்ததும், மூக்கின் நிழல் முகத்தை மறைக்கிறது, தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்டாள். மூக்கு ஒட்டு வேலைதான். மாஸ்டர் எங்கோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நேரம், பட்டறை ஆள் ஒருவன் நெம்பி எடுத்துவிட்டான். பெல்ட்டக்கா பக்கத்தில் ஈரத்துணியோடு நின்றிருந்தாள். அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி பொம்மையின் இடது புருவத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்களா?"

இத்தனை வருஷத்தில் வெளி ஆள் ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று சொல்லப் பெல்ட்டக்கா வாயெடுத்தாள். அதற்குள் மாஸ்டர் ஓடி வந்தார்.

"ஏதோ ஜாடைம்மா. ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு அப்படி அமையறதுதான்."

"அமைஞ்சது எங்க அதிர்ஷ்டம் சார்" என்றாள் அந்தப் பெண். "பொம்மைக்குக் கை மட்டும்தான் ஆடுது. கேம்ல சூனியக்காரி நடக்கணும், குதிக்கணும், முறைக்கணும். ஆள் ஒருத்தர் நடிச்சுக் காட்டினா அதை அப்படியே பதிவு பண்ணி உள்ள ஏத்துவோம். முகமும் ஒத்துப்போறவங்க கிடைச்சா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அக்கா, நடிக்கறீங்களா?"

மாஸ்டர் சிரித்தார். "இவளா? பெல்ட் மாட்டறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

"நடிக்கிறேன்" என்றாள் பெல்ட்டக்கா.

கேமின் கதையில் இன்னொரு பாத்திரமும் இருந்தது, லாந்தர் தாத்தா. கையில் விளக்கோடு விளையாடுகிறவர்களை அறை அறையாக அழைத்துப் போய், "சபாஷ், சுடு குழந்தாய்!" என்று உற்சாகப்படுத்துகிற நல்ல மனிதர். அந்த வேஷத்தை மாஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குத் தன் முகத்தின்மேல் எப்போதும் தனி மதிப்பு. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் தன் முகத்தைப் பார்த்துத் தாத்தா என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை. கடைசி அறையில் தாத்தா பக்கத்தில் நிற்பார். விளையாடுகிறவர் சூனியக்காரியின் நெற்றியில் சுடுவார். அவள் கையைத் தூக்கிக்கொண்டு விழுவாள். இந்தக் காட்சியைச் சொல்லிக் கொடுத்தபோது, "கையைத் தூக்கறது முக்கியம், அதை விட்டுடாதீங்க" என்று மாஸ்டரே எல்லோரிடமும் அழுத்திச் சொன்னார். அப்போது அவர் பெல்ட்டக்காவைப் பார்த்த பார்வையில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவருடைய கெட்ட காலம்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டக்கா வீட்டில் ஒத்திகை நடந்தது. ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள இடம்தான் சூனியக்காரியின் அறை. லிஃப்ட் மெக்கானிக் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு லாந்தர் தாத்தாவாக நின்றார். மகள் டிவி ரிமோட்டை நீட்டினாள். முதலில் அம்மாவை நோக்கி நீட்டக் கை வரவில்லை.

"சுடுடி" என்றாள் பெல்ட்டக்கா. "நான் என்ன பண்றேன் பாரு."

மகள் கண்ணை மூடிக்கொண்டு, "டுமீல்" என்றாள். பெல்ட்டக்கா பாய்ந்து கணவரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் முன்னால் இழுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏம்மா! இது கழுத்து, லிஃப்ட் கயிறு இல்ல!"

"எங்க, கை மேல போகலையே. இப்படிப் பிடிச்சா?" அவருடைய இடது கையைப் பின்னால் முறுக்கினாள். வலது கை தானாகக் கூரையைப் பார்த்துப் போயிற்று.

"ஐயோ, விடும்மா! விட்டுடு!"

மகள் சிரித்தாள். அம்மாவைச் சுடுகிற விளையாட்டில் அவள் சிரிப்பாள் என்று யார் நினைத்தார்கள்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவைம்மா!" என்று ரிமோட்டைத் தூக்கினாள். அன்று முழுவதும் அந்த மனிதர் பாடாய்ப் பட்டார். இதற்கு முன்பு 'பொம்மைதானே' என்று சொன்னதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்கிற கூடத்தில் சுற்றிலும் கேமராக்களும், குரலைப் பிடிக்க மைக்குகளும் இருந்தன. இருவருக்கும் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை கொடுத்தார்கள். தோள், முழங்கை, முழங்கால் என்று அங்கங்கே வெள்ளை உருண்டைகள். கேமரா அந்த உருண்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்குமாம். அந்த உடையில் மாஸ்டருக்குத் தொந்தி தள்ளிக்கொண்டு நின்றது. மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லலாமா என்று பெல்ட்டக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். முறைக்கச் சொன்னபோது முறைத்தாள். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"சரி, கடைசிக் காட்சி. நான் கை தட்டினா சூடு பட்டதா அர்த்தம். அக்கா, கையைத் தூக்கிட்டு விழுங்க" என்றாள் கேம் கம்பெனிப் பெண்.

"சுடு குழந்தாய்!" என்றார் மாஸ்டர்.

கைதட்டல் கேட்டது. பெல்ட்டக்காவின் கை மேலே போகவில்லை. பக்கவாட்டில் போயிற்று. மாஸ்டரின் பிடரியைக் கெட்டியாகப் பிடித்தது. அவரைக் கேடயமாக முன்னால் நிறுத்தி, இடது கையைப் பின்னால் முறுக்கினாள். மாஸ்டரின் வலது கை விருட்டென்று உயரப் போனது.

"ஏய்! விடு! வலிக்குது! ஐயோ, விட்டுடு! விட்டுடு!"

கூடமே வெடித்துச் சிரித்தது. பெல்ட்டக்கா விட்டுவிட்டுப் பணிவாக நின்றாள்.

"தப்பா பண்ணிட்டேனா? சுட வராங்கன்னதும் பயத்துல கைக்கு எது கிடைச்சுதோ அதைப் பிடிச்சேன்."

"தப்பா? பிரமாதம்!" என்றாள் அந்தப் பெண். மாஸ்டர் அழிக்கச் சொல்லிக் குதித்தார். அழிக்கவில்லை. முதலாளியிடம் போனார். முதலாளி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்து, "இதுதான்யா விக்கப் போகுது" என்று முடித்துவிட்டார். முதலாளி சிரித்த பிறகு மாஸ்டரும் சிரித்துத்தானே ஆகவேண்டும், சிரித்தார்.

கேம் வெளிவந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். பூனைக்கு வந்த காலம் இப்படி ஒரு காலமாக வந்தது. கடைசி அறையில் சூனியக்காரியை நோக்கிக் கையை நீட்டினால் போதும், அவள் லாந்தர் தாத்தாவை இழுத்து முன்னால் நிறுத்திக்கொள்வாள். எங்கே சுட்டாலும் தாத்தாமேல்தான் படும். படப்பட அவர் கையைத் தூக்கிக்கொண்டு, "விட்டுடு! விட்டுடு!" என்று மாஸ்டரின் சொந்தக் குரலில் அலறுவார். பிள்ளைகள் மற்ற அறைகளை மறந்துவிட்டார்கள். கையை வேகமாக ஆட்டி ஆட்டிச் சுட்டால் தாத்தா வேகமாக அலறுகிறார் என்று கண்டுபிடித்தார்கள். சூனியக்காரியை ஒருவராலும் தொட முடியவில்லை. அவளுக்கு விசிறிகளே உண்டாகிவிட்டார்கள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் ஓடி வந்தாள்.

"அம்மா, அந்தச் சூனியக்காரி எங்கம்மான்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்பல. நாளைக்கு உன்னைப் பார்க்க வராங்க. முறைச்சுக் காட்டு, சரியா?"

மாஸ்டரின் பாடு திண்டாட்டம். பார்க்கில் அவர் தலை தெரிந்தால் போதும், யார் வீட்டுப் பிள்ளையாவது கையைத் தூக்கிக்கொண்டு, "விட்டுடு!" என்று கத்தும். முடிவெட்டப் போன இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். குளிர்சாதன அறையை விட்டு அவர் வெளியே வருவதே குறைந்துபோயிற்று. பெல்ட்டக்காவுக்குக் கேட்கக் கேட்கக் குளிர்ந்தது. பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தன்னையே அறைந்துகொண்டிருப்பாள். ஆனாலும் நெஞ்சில் ஒரு முள் மிச்சம் இருந்தது. அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. மாளிகையின் வெளிவாசலில் பெரிய திரை வைத்து, வருகிறவர்கள் கேமையும் விளையாடட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். கேம் கம்பெனிப் பெண் காலையிலேயே வந்து திரையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பெல்ட்டக்காவின் மகளும் வந்திருந்தாள், அன்று அழுதுகொண்டு போன பிறகு முதல் தடவையாக. டிக்கெட் கிழிப்பவர், பெருக்குகிறவர், ஐஸ்காரன் என்று நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது மாஸ்டர் தன் மனைவியோடு வந்தார். மனைவி நேராகப் பெல்ட்டக்காவிடம் வந்து நின்றாள்.

"ஏம்மா, என் வீட்டுக்காரர் உனக்கு என்ன துரோகம் பண்ணார்? நேத்து என் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். அவ பிள்ளைங்க இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கிட்டு ஆடுதுங்க. மனுஷன் ஒரு வாய் சாப்பிடாம எழுந்து வந்துட்டார். எதுக்கு இப்படிப் பண்ணின?"

"அதை அவரையே கேளுங்கக்கா."

"பழைய கதை ஒண்ணும் இல்ல" என்றார் மாஸ்டர் அவசரமாக. "நடிக்கத் தெரியாதவளை நடிக்க விட்டா இப்படித்தான் ஆகும்." கேம் கம்பெனிப் பெண்ணிடம் திரும்பினார். "அந்தக் காட்சியை எடுத்துடும்மா. புதுசா நடிச்சுத் தரோம். முதலாளிகிட்ட பேசிட்டேன், உங்க இஷ்டம்னு சொல்லிட்டார்."

"மாத்தலாம் சார். எப்படியும் சில திருத்தம் போடப்போறோம். ஆனா முகமும் அசைவும் அக்காவோடது. அவங்க மறுபடி வந்து நடிச்சாத்தான் உண்டு. அக்கா சம்மதிக்கணும்."

சம்மதம் என்ற வார்த்தை விழுந்ததும் மாஸ்டரின் முகம் மாறியது. பெல்ட்டக்கா அதைப் பார்த்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றார் மாஸ்டர்.

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணும். அப்புறம் யோசிச்சுச் சொல்றேன். சூனியக்காரி பொம்மைல இருக்கறது யார் முகம்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். மனைவி பெல்ட்டக்காவின் இடது புருவத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு திரையில் நின்றிருந்த சூனியக்காரியைப் பார்த்தாள்.

"வாயால சொல்ல முடியலைன்னா பரவாயில்ல மாஸ்டர்" என்றாள் பெல்ட்டக்கா. குரல் உயரவில்லை. "பேச முடியாத நிலைமை எனக்கும் தெரியும். என் முகத்தை வேணும்னேதான் அங்க வச்சேன்னா கையைத் தூக்குங்க. அந்தப் புருவத்தை நீங்களே பார்த்துப் பார்த்துத் தீட்டினீங்கன்னா தூக்குங்க. அந்தப் பொம்மை எதுக்குக் கையைத் தூக்குதுன்னு நான் உங்க வீட்டம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னா, தூக்குங்க."

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். டிக்கெட்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெல்ட்டக்காவின் மகள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரின் வலது கை இடுப்பிலிருந்து புறப்பட்டு, தோளுக்கு வந்து தயங்கி, மெள்ள மெள்ளத் தலைக்கு மேலே போயிற்று. இந்தத் தடவை யாரும் முறுக்கவில்லை.

"அந்தப் பொம்மை எதுக்குக் கையைத் தூக்குது?" என்றாள் மாஸ்டரின் மனைவி அவரைப் பார்த்து. பதில் வராமல் போகவே, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டாள்.

பெல்ட்டக்காவின் மகள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் முகம்தாம்மா" என்றாள். பெல்ட்டக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கேம் கம்பெனிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அப்ப அந்தக் காட்சியை எடுத்துடலாமா? சம்மதமா?"

மாஸ்டர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பெல்ட்டக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கியபடியே இருந்தன. சுண்டுவிரல்கூட அசையவில்லை.

"அவசரமில்ல" என்றாள். "யோசிக்கிறேன். டீ குடிச்சிட்டு வரேன்."

போனாள். பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதி ஒரு டீ குடித்தாள். இன்னொன்று வாங்கி அதையும் குடித்தாள். திரும்பி வந்தபோது பேய் மாளிகையின் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. முதல் வண்டியில் ஒரு பெரிய தொந்திக்காரர் ஏறி உட்கார்ந்திருந்தார். "மூச்சை உள்ள இழுங்கண்ணே" என்று பெல்ட்டை இழுத்து மாட்டித் தட்டினாள். வெளிவாசல் பக்கமிருந்து, "விட்டுடு! விட்டுடு!" என்று அலறலும் மகளின் சிரிப்பும் கேட்டன.

அது நடந்து வெகு நாளாயிற்று. பெல்ட்டக்கா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.